காற்றை நம்பி ஒரு ஸ்டேஜ்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கோயம்புத்தூரில் பள்ளிக்குப் போனது டவுன் பஸ்ஸில், கல்லூரிக்குப் போனது ஸ்கூட்டியில். நடுவில் சைக்கிள் பழக வாய்க்கவே இல்லை. அப்படிப்பட்ட என்னைத்தான், உலகத்தின் முதல்தரச் சைக்கிள் வீரர்கள் எந்தச் சாலையில் போக வேண்டும் என்று பார்த்துவர ஆபீஸ் அனுப்பியது.

நான் அபுதாபியில் ஒரு கன்சல்டன்சியில் டிராஃபிக் இன்ஜினியர். ஒரு சாலையை அடைத்தால் வண்டிகளை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது, எங்கே தடுப்பு வைப்பது, எவ்வளவு நேரம் அடைத்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. குளிர்காலத்தில் அமீரகத்தில் ஒரு வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு அந்தக் கணக்கைப் போடும் வேலை ஒரு வருடம் எங்களிடம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து ரூட் டைரக்டர் வருகிறார், அவரோடு காரில் போய் எல்லாச் சாலைகளையும் பார்த்துவிட்டு வா என்றார் மேனேஜர்.

வந்தது ஒரு இத்தாலிக்காரி. என் வயதுதான் இருக்கும். முன்பு பந்தயம் ஓட்டியவர். முழங்கால் கெட்டுப்போனதும், மூன்று வாரம் நடக்கிற பெரிய பந்தயங்களுக்குப் பாதை வரையும் குழுவில் சேர்ந்துவிட்டார். முதல் வாரம் முழுக்க என் மனதுக்குள் அவர் 'அவர்'தான். ஒரே காரில், ஒரே பெட்டிப் பேரீச்சம்பழத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றியதில் சீக்கிரமே 'அவள்' ஆகிவிட்டாள்.

கார் ஓட்டுவது அவள். அதுவும் பயங்கர வேகம். திடீரென்று ஓரங்கட்டி நிறுத்துவாள், இறங்கிப் போய்த் தார்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலிருக்கும். நான் சாலையைப் பார்த்தால் எத்தனை கார் போகும் என்று தோன்றும். அவளுக்கு, நூற்றுச் சொச்சம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இறங்கும்போது யார் முதலில் விழுவார்கள் என்று தோன்றும். இரவில் மின்னுவதற்காகப் பதித்திருக்கும் ரிஃப்ளெக்டர் கட்டைகளைப் பார்த்தால் அவளுக்கு முகம் சுண்டிவிடும். ரவுண்டானா என்றால் பெருமூச்சு. அமீரகத்தில் ரவுண்டானாவுக்குப் பஞ்சமில்லை என்பதால் பெருமூச்சுக்கும் பஞ்சமில்லை.

பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். எங்களுக்கு வேண்டியது ஏழு ஸ்டேஜ். மலைமேல் முடிகிற இரண்டு நாள் ஏற்கெனவே முடிவாகியிருந்தன. அல் ஐன் பக்கத்தில் ஜெபல் ஹஃபீத் ஒன்று, வடக்கே ஜெபல் ஜைஸ் ஒன்று. இந்த நாட்டில் மலை என்று வேண்டுமானால் வேறு எங்கே போவது. நகரங்களுக்குள் ஓடி முடிகிற நாட்களும் பெரிய தலைவலி இல்லை. மிஞ்சியது மேற்குப் பாலைவனத்துக்கு என்று ஒதுக்கிய ஒரு நாள். மறுநாள்தான் ஜெபல் ஹஃபீத். அதற்கு முந்தின நாளை என்ன செய்வது என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

அந்த நீண்ட கார்ப் பயணங்களில்தான் மூன்று வாரப் பந்தயங்களைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லா மலையையும் கடைசி வாரத்தில் போட்டால் முதல் இரண்டு வாரம் எல்லாரும் சோம்பிக் கிடப்பார்களாம். முதல் வாரத்திலேயே போட்டுவிட்டால், யார் ஜெயிப்பார் என்று தெரிந்துபோய், மிச்ச நாளுக்கு யாரும் டிவியைப் போட மாட்டார்களாம். மலையேற முடியாத, சமவெளியில் மட்டும் அம்பாய்ப் பாய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதியில் வீட்டுக்குப் போகாமல் இருக்க அங்கங்கே அவர்களுக்கும் ஒரு நாள் வைக்க வேண்டும். இத்தனையும் யோசித்து வரைந்த பிறகு ஏதாவது ஒரு ஊர் மேயர் வந்து, எங்கள் டவுன் ஹால் வாசலில் முடித்தால்தான் ஆயிற்று என்று நிற்பார். ஒரு மேயர், தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி பாதையை வளைக்கச் சொல்லிக் கேட்டாராம். வளைத்தீர்களா என்றேன். வளைத்தோம், அந்த வளைவில் அவர் ஊர்ப் பையனே விழுந்துவிட்டான் என்றாள்.

எனக்கு அது கல்யாண வீடு மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டாருக்குக் கோபம் வரக்கூடாது, பந்தியில் எதையும் முன்னால் தீர்த்துவிடக்கூடாது, கடைசியில் வருகிறவருக்கும் பாயசம் இருக்க வேண்டும். அவளிடம் சொன்னேன். இரண்டிலும் அழுகிறவர்கள் உண்டு என்று ஒத்துக்கொண்டாள்.

மேற்கு ஸ்டேஜுக்கு வருகிறேன். என் கணவர் மேற்கே ருவைஸில் ஒரு ரிஃபைனரியில் வேலை பார்க்கிறார். நானும் மகளும் அபுதாபியில். ஒரு வாரம் அவர் வருவார், ஒரு வாரம் நாங்கள் போவோம். வெள்ளிக்கிழமை அரைநாள் டூட்டி முடிந்து, மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அந்தக் கடலோரச் சாலைதான். பல வருடமாய்ப் போகிறேன். எந்த இடத்தில் மகள் தூங்குவாள், எந்தப் பெட்ரோல் பங்கில் டீ நன்றாக இருக்கும் என்பதோடு, எந்த இடத்தில் காற்று காரைத் தள்ளும் என்பதும் தெரியும். நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து மிர்ஃபா பக்கம் கடலை ஒட்டிப் போகும் பழைய சாலை ஒன்று உண்டு. டீக்காக அதில் திரும்பினால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மணல் வெள்ளை வெள்ளையாய்ச் சாலையின் குறுக்கே நெளிந்து போகும்.

தெற்கே பாலைவனத்துக்குள் இருக்கும் மதீனத் சாயித்திலிருந்து திரும்பி வரும்போது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவள் அங்கே போகலாம் என்று வண்டியைத் திருப்பினாள். போய் இறங்கினோம். மாலை வெயில். கதவைத் திறந்ததுமே அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அவள் முடி முழுக்க முகத்தில். சாலை நடுவில் கையை விரித்து நின்று சிரித்தாள்.

"இந்த இடத்தை ஏன் முதல் நாளே எனக்குச் சொல்லவில்லை?" என்றாள்.

காற்றுக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி காரில் ஏறியதும், டிஷ்யூ பேப்பரில் படம் போட்டுக் காட்டினாள். பக்கவாட்டில் காற்று அடித்தால் வீரர்கள் ஒருவர் மறைவில் ஒருவராகச் சாய்வாக, பாதி விரித்த விசிறி போல வரிசை கட்டுவார்கள். சாலையின் அகலம் தீர்ந்ததும் விசிறியில் இடம் தீர்ந்துவிடும். இடம் கிடைக்காதவன் தனியாகக் காற்றை வாங்கியே களைத்துப் பின்தங்கிவிடுவான். மலையில் ஒரு மணி நேரம் போராடி ஜெயிக்க வேண்டியதைச் சமதரையில் ஒரு வளைவில் ஜெயித்துவிடலாம். மலையே இல்லாத ஒரு நாளைக் காற்று மலைக்கு நிகராக்கிவிடும் என்றாள்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. மதீனத் சாயித்தில் புறப்பாடு, பேரீச்சந் தோட்டங்களைத் தாண்டி வடக்கே கடலுக்கு, பிறகு அந்தப் பழைய சாலை, மிர்ஃபா கடற்கரையில் முடிவு. வரைபடத்தில் அந்தச் சாலைக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தை எழுதினாள். நான் போனில் கணவரிடம் பெருமை தாங்காமல் சொன்னேன். அவர் அடுத்த வாரமே குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்கள், மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும், எங்க வீட்டுக்காரம்மா காத்தைக் காட்டிக் கொடுத்துப் பந்தயத்தையே திருப்பிவிட்டாள் என்று சொல்லிவைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் என் உண்மையான வேலை. பாதையில் குறுக்கிடுகிற லாரிகளுக்கு மாற்றுவழி, பள்ளிகளுக்கு முன்கூட்டியே தகவல், வழியெல்லாம் இருந்த ஸ்பீட் பிரேக்கர்களைப் பெயர்த்தெடுக்க ஆட்கள். அந்த ஆட்களில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். ஃபோர்மேன் அரியலூர்ப் பக்கம். பழைய சாலைத் திருப்பத்தில் முதல் ஸ்பீட் பிரேக்கரின் முன்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதப் பேத்து எடுத்துட்டு, பந்தயம் முடிஞ்சதும் அதே எடத்துல திரும்பப் போடணுமா?"

ஆமாம் என்றேன்.

"எத்தன நிமிசம் இது மேல போவாங்க?"

நிமிஷமெல்லாம் இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவார்கள் என்றேன். அவர், அப்படி யார்தான் வருகிறார்கள் என்று பார்க்கத் தனக்கும் ஆட்களுக்கும் அன்றைக்கு அந்த ஓரத்திலேயே டூட்டி போட்டுக் கொடுக்கச் சொன்னார். தடுப்பு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

சிக்கல் ஒட்டகத்தால் வந்தது. பழைய சாலைக்கு முன்னால் ஒரு ஒட்டகப் பண்ணை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒட்டகங்களை ஓட்டிப் பழக்கும் மைதானம். தினமும் பிற்பகலில், வண்ணத் துணி போர்த்திய ஒட்டகங்கள் வரிசையாகச் சாலையைத் தாண்டும். நாங்கள் பந்தயம் அங்கே வரும் என்று வைத்திருந்த நேரமும் அதேதான். ஒரு நாள் மட்டும் ஒட்டகங்களை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க இருவரும் போனோம்.

பண்ணைக்காரர் வயதான எமிராட்டி. எங்களைக் கம்பளத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவர் அரபியில் சொல்வதை, ஒட்டகம் பார்க்கும் பாகிஸ்தான்காரர் எனக்கு உருதுவில் சொல்வார். நான் என் அரைகுறை இந்தியை வைத்துப் புரிந்துகொண்டு இவளுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். ஒரு வாக்கியம் சுற்றி வருவதற்குள் காப்பி ஆறிவிடும். அவர் கோபப்படவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"உங்களுக்குப் பந்தயம் ஒரு வாரம். எனக்கும் அந்த மாதம் பந்தயம் இருக்கிறது. இவை ஒரு நாள் சும்மா நின்றால் கால் மறந்துபோகும்."

நான் இதை மொழிபெயர்த்துவிட்டு, எப்படி எடுத்துப் பேசலாம் என்று யோசிப்பதற்குள் இவள் எழுந்து அவருக்குக் கையைத் தன் நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னாள். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை என்று. பயிற்சியை விட்டுவிடு என்று ஒரு பந்தயக்காரரிடம் சொல்லத் தன்னால் ஆகாது என்றாள். நாலு கால் இருந்தால் என்ன, பந்தயம் பந்தயம்தான் என்றாள்.

அதனால் ஸ்டேஜை முன்னால் நகர்த்தினோம். ஒட்டகங்கள் கிளம்புவதற்குள் கடைசி வீரனும் தாண்டியிருக்கும்படி, புறப்பாட்டை ஒரு மணி நேரம் முந்தி வைத்தோம். காரில் உட்கார்ந்து அவள் காற்றுக் கணக்கைப் பார்த்தாள். அந்தக் கரையில் காற்று பிற்பகல் ஏற ஏறத்தான் வலுக்கும். இப்போது வீரர்கள் அங்கே வரும் நேரத்தில் அது எழுந்தும் இருக்கலாம், தூங்கிக்கொண்டும் இருக்கலாம். பாதையை மாற்றலாமா என்று கேட்டேன். பேரீச்சங்கொட்டையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, வேண்டாம், வரும் என்றாள். எனக்கும் வரும் என்றுதான் பட்டது. இத்தனை வருடமாக என்னிடம் ஒரு வெள்ளிக்கிழமை கூடத் தவறாத காற்று.

அந்த நாள் வந்தது. நானும் அவளும் பந்தயத்துக்கு முன்னால் போகும் காரில். மதீனத் சாயித்தில் கொடி அசைந்தபோது தோரணங்கள் லேசாக ஆடின. நல்ல சகுனம் என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். தோட்டங்களைத் தாண்டினோம். ரேடியோவில் ஒவ்வொரு அணிக் காரிலிருந்தும் பதற்றமான குரல்கள். கடலோரம் திரும்பும் முன் முன்னால் வந்துவிடுங்கள், அங்கே காற்று, அங்கே காற்று என்று எல்லாரும் தங்கள் வீரர்களை விரட்டினார்கள். எங்கள் ஸ்டேஜின் பெயர் ஊரெல்லாம் பரவியிருந்தது. திருப்பத்துக்கு முன்னால் அத்தனை பேரும் முண்டியடித்து முன்னே வந்த வேகத்தைக் கண்ணாடியில் பார்த்து நான் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

பழைய சாலைக்குள் திரும்பினோம். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. ஓரத்தில் நட்டிருந்த கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிளாஸ்டிக் பை சாலையோரம் கிடந்தது. அது கூட அசையவில்லை.

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். எடுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

பின்னால் என்ன நடக்கிறது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. பதறியவர்கள் எல்லாம் மெல்ல அடங்கினார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் மறையத் தேவையில்லை என்று தெரிந்ததும் சாலை முழுக்கப் பரவிக்கொண்டார்கள். சிலர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ரொட்டி தின்றார்கள். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டே நிதானமாகக் கதை பேசினார்கள். டிவி வர்ணனையாளர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் பேரீச்சம்பழ வகைகளைப் பற்றியும் ஃப்ளமிங்கோ பறவைகளைப் பற்றியும் பேசினார்கள் என்று பிறகு மகள் சொன்னாள். ஸ்கூலில் அவள் வகுப்பே லைவ் பார்த்ததாம். "அம்மா, இட் வாஸ் ஸோ போரிங்" என்பது அவள் விமர்சனம்.

கணவர் லீவ் போட்டுவிட்டு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அந்தத் திருப்பத்தில் வந்து நின்றிருந்தார். ஃபோர்மேனும் ஆட்களும் அதே இடத்தில். வீரர்கள் எல்லாரும் கடந்துபோன பிறகு கணவரிடமிருந்து போன் வந்தது.

"ஏங்கண்ணு, இதுக்கா மூணு மாசம் அலஞ்சீங்க?" என்றார். "எல்லாம் ஊர்கோலம் மாதிரி போறாங்க."

போனை வைத்தேன்.

மிர்ஃபாவில் முடிவுக்கோட்டுக்கு மொத்தக் கூட்டமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே ஒன்று நடந்தது. பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். மீனவர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். களைப்பே இல்லாத நூற்றுச் சொச்சம் பேர் ஒரே அலையாக அந்த நேர்ச்சாலையில் எழுந்து வந்தபோது தரை அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது. சக்கரங்களின் இரைச்சல் ஒரு ரயில் மாதிரி வந்து, ரயில் மாதிரியே போனது. தடுப்போரம் நின்ற கூட்டம் கத்த ஆரம்பித்தது. யார் ஜெயித்தார் என்று அதில் பாதிப்பேருக்குத் தெரியாது. பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் பக்கத்தில் நின்ற மலையாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பரிசளிப்பு முடிந்தது. அணிகளின் பஸ்கள் கிளம்பிப் போயின. ஒட்டகங்கள் இந்நேரம் சாலையைத் தாண்டியிருக்கும் என்று நான் சொன்னேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி, வலிக்கிற முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். அப்போது அவள் மடியிலிருந்த காகிதம் மெதுவாக எழுந்து பறந்தது.

அடுத்த கால்மணியில் எங்களுக்கு வரவேண்டிய காற்று முழுவதும் வந்துசேர்ந்தது. விளம்பரப் பதாகைகள் அறுந்து கடலுக்குப் பறந்தன. முடிவுக்கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவு குப்புறக் கவிழ்ந்து, யாரும் பிடிக்குமுன் மணலில் உருண்டது. நானும் அவளும் ஒரு கூடாரக் கம்பியை ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துத் தொங்கினோம். கண், காது, பல்லிடுக்கெல்லாம் மணல். அவளைப் பார்த்தேன், அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வழிய. எனக்கும் தொற்றிக்கொண்டது. கூடாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தோம். கூடாரம் தானாகவே போய்விட்டது.

மறுநாள் ஜெபல் ஹஃபீத். வருடா வருடம் அந்த மலையில் பாதி வழியிலேயே இன்னார்தான் என்று தெரிந்துவிடும் என்பார்கள். அன்று அப்படி இல்லை. முந்தின நாள் யாருக்கும் காலில் ஒன்றும் குறையாததால் எல்லார் காலிலும் பலம் இருந்தது. ஒருவன் பிய்த்துக்கொண்டு போவான், நாலு பேர் எட்டிப் பிடிப்பார்கள், இன்னொருவன் கிளம்புவான். கடைசித் திருப்பம் வரை ஐந்தாறு பேர் பிரியாமலே வந்தார்கள். மேலே நின்றிருந்த நாங்கள் இருவரும் தொண்டை கட்டும் வரை கத்தினோம். நான் யாருக்காகக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பந்தயம் முடிந்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மேற்கு ஸ்டேஜுக்கு என்ன எழுதலாம் என்று கேட்டேன். காற்றை எதிர்பார்த்தோம், அது தாமதமாக வந்தது என்று உள்ளதை எழுது என்பாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"மூன்று வாரப் பந்தயத்தில் இப்படி ஒரு நாளை வேண்டுமென்றே வைப்போம். எங்களைத் திட்டுவார்கள். மறுநாள் மலையில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே ஒரு வாரம்தானே என்று எனக்கே மறந்துவிட்டது."

உள்ளதை எழுதினோம். அதோடு இதையும் சேர்த்து எழுதினோம். மேனேஜர் படித்துவிட்டு, மொத்தத்தில் நல்லபடியாக நடந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டார். நடந்தது என்றேன்.

அவள் ஊருக்குப் போனாள். அந்த வருடம் கடைசியில் ஒரு நாள் வீடியோ கால் வந்தது. தலையில் குல்லாய், பின்னால் மழை. மூன்று வாரப் பந்தயம் ஒன்றின் அடுத்த வருடப் பாதைக்காக ஏதோ மலை அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது வாரத்தில் இரண்டு பெரிய மலைகளை அடுத்தடுத்த நாளில் வைக்கச் சொல்லி எல்லாரும் நெருக்குகிறார்கள், நடுவில் ஒரு சமதரை நாள் விடலாம் என்று நான் மட்டும் சொல்கிறேன், நீ என்ன நினைக்கிறாய் என்றாள். என்னிடம் இதைக் கேட்கிறாளே என்று கூச்சமாக இருந்தது. அந்த இரண்டாவது மலை எப்படி என்று கேட்டேன். செங்குத்து என்றாள்.

"அப்ப ஒரு நாள் சும்மா விடு" என்றேன், தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

பாதை வெளியானபோது பார்த்தேன். இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு சமதரை நாள் இருந்தது. அது அவள் பிடிவாதமா, வழியில் இருந்த ஏதோ ஒரு மேயரின் பிடிவாதமா தெரியாது. அடுத்த கோடையில், ஒரு சனிக்கிழமை, ருவைஸ் குவார்ட்டர்ஸில் அதை டிவியில் பார்த்தோம். வெளியே கால் வைக்க முடியாத வெயில், ஏசி இரைந்துகொண்டிருந்தது. ஒரு சூரியகாந்தி வயலைத் தாண்டுவதற்குள் கணவர் சோபாவில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மகள் ரிமோட்டைக் கேட்டு நச்சரித்துப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். வீரர்கள் பேசிக்கொண்டும் தின்றுகொண்டும் போனார்கள். அன்று முழுக்க அந்தச் சாலையில் ஒன்றுமே நடக்கவில்லை. நான் டீ போட்டுக்கொண்டு வந்து, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.